படியில்லாத லண்டன்: அப்பாவின் வீல்சேரோடு பத்து நாள்

மதுரையிலிருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார்: "அப்பாவுக்கு 67 வயது. மூன்று வருடங்களுக்கு முன் பக்கவாதம் வந்ததில் இடது பக்கம் பலவீனம். கையைப் பிடித்துக்கொண்டால் எழுந்து நின்று இரண்டு எட்டு வைப்பார், மற்றபடி வீல்சேர்தான். தம்பி லண்டனில் இல்ஃபோர்டில் இருக்கிறான். ஜூன் மாதம் பத்து நாள் போகிறோம். 'இங்கே பாதாள ரயில் முழுக்கப் படிக்கட்டு. அப்பா வீட்டில் இருக்கட்டும், நீ மட்டும் ஊரைப் பார்' என்கிறான். அவரை விட்டுவிட்டுச் சுற்ற எனக்கு மனசில்லை. என்ன செய்யலாம்?"

விட்டுவிட்டுப் போகாதீர்கள். நானும் பதினான்கு வருடமாக வீல்சேரில் இருக்கிறேன். நம்மைப் போன்றவர்களுக்குப் பயணத் திட்டம் போட்டுக் கொடுப்பதுதான் என் வேலை. லண்டனில் வீல்சேரோடு பார்க்க முடியாத இடங்கள் உண்டு. ஆனால் பத்து நாளில் பார்த்து முடிக்க முடியாத அளவுக்குப் பார்க்கக்கூடிய இடங்களும் உண்டு.

தம்பி சொல்வதில் உண்மை இருக்கிறது. 1863-ல் ஓடத் தொடங்கிய ரயில் அது. 270-க்கும் மேற்பட்ட நிலையங்களில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்கில்தான் படி ஏறாமல் பிளாட்பாரம் போய்ச் சேரலாம். அதுவும் சுற்றுலா வருபவர்கள் முதலில் தேடும் லெஸ்டர் ஸ்கொயர், பிக்காடில்லி சர்க்கஸ், கோவென்ட் கார்டன், ஆக்ஸ்ஃபோர்ட் சர்க்கஸ் நிலையங்கள் அந்தக் கணக்கில் இல்லை. பார்க்க வேண்டிய இடங்களைப் பட்டியல் போட்டுவிட்டு ரயில் தேடினால் தம்பி வந்த முடிவுக்குத்தான் யாரும் வருவார்கள். நான் தலைகீழாகப் போடுவேன். வீட்டிலிருந்து படியில்லாமல் எங்கே ஏறலாம், எங்கே இறங்கலாம் என்று முதலில் குறித்துக்கொண்டு, இறங்குகிற இடத்தைச் சுற்றி என்ன இருக்கிறது என்று பார்ப்பது.

ரயில் வரைபடத்தில் வீல்சேர் குறி இரண்டு விதமாக இருக்கும். நீல வட்டம் என்றால் தெருவிலிருந்து ரயிலுக்குள் வரை தடையில்லை. வெள்ளை வட்டம் என்றால் பிளாட்பாரம் வரைதான். அங்கிருந்து ரயிலுக்குள் ஏற உயர வித்தியாசமோ இடைவெளியோ இருக்கும், ஊழியர் வந்து ரேம்ப் என்ற சரிவுப்பலகையை வைக்க வேண்டும்.

இல்ஃபோர்டில் இருப்பது உங்கள் அதிர்ஷ்டம். 2022-ல் திறந்த எலிசபெத் லைன் அந்த வழியாகப் போகிறது. அதன் 41 நிலையங்களிலும் படியில்லாமல் பிளாட்பாரம் போகலாம். இல்ஃபோர்டில் ஏற ரேம்ப் தேவைப்படும். உள்ளே போனதும் ஊழியரிடம் எங்கே இறங்குகிறீர்கள் என்று சொல்லிவிடுங்கள். இறங்கும் இடத்துக்கு அவரே தகவல் சொல்லிவிடுவார். வைட்சேப்பல் முதல் பாடிங்டன் வரை நடு லண்டனில் பிளாட்பாரமும் ரயிலின் தளமும் ஒரே மட்டம், நீங்களே தள்ளிக்கொண்டு இறங்கலாம். ஹீத்ரோ விமான நிலையத்திலிருந்து வீட்டுக்கு வருவதும் இதே லைனில்தான். வைட்சேப்பலில் வண்டி மாற வேண்டியிருந்தாலும் அதே பிளாட்பாரம்தான். லிஃப்ட் வேலை செய்கிறதா என்பதை மட்டும் தினமும் கிளம்பும் முன் லண்டன் போக்குவரத்துத் துறையின் டிஎஃப்எல் கோ என்ற செயலியில் பார்த்துவிடுங்கள். அன்றைய திட்டமே அதில்தான் நிற்கிறது.

அடுத்தது பஸ். என் கணக்கில் லண்டனின் பெரிய வரமே அதுதான். வழக்கமாக ஓடும் சிவப்பு பஸ் எல்லாமே தாழ்தளம், எல்லாவற்றிலும் ரேம்ப் உண்டு. வீல்சேரில் வருபவருக்குக் கட்டணமே கிடையாது. உங்களுக்கு மட்டும் கட்டணம். ஒரு மணி நேரத்துக்குள் எத்தனை பஸ் மாறினாலும் ஒரே கட்டணம்தான்.

ஏறுவது எப்படி என்று கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன், முதல் தடவை பதற்றம் இருக்கும். டிரைவர் கண்ணில் படுகிற மாதிரி நின்று கை காட்டுங்கள். நடுக் கதவை ஒட்டி வெளிப்பக்கம் வீல்சேர் படம் போட்ட நீல பட்டன் இருக்கும், அதை அழுத்துங்கள். இறங்குபவர்கள் இறங்கியதும் டிரைவர் கதவை மூடிவிடுவார். 'ஐயோ, விட்டுவிட்டுப் போகிறாரே' என்று ஓட வேண்டாம், கதவு மூடிய பிறகுதான் ரேம்ப் வெளியே வரும். பீப் பீப் என்று சத்தம் போட்டுக்கொண்டே அது நடைபாதையில் வந்து உட்காரும், கதவு மறுபடி திறக்கும். உள்ளே பஞ்சு வைத்த ஒரு முதுகுப் பலகை இருக்கும். அப்பாவின் முதுகு அதை ஒட்டி இருக்கும்படி, பஸ்ஸின் பின்பக்கத்தைப் பார்த்தபடி நிறுத்தி இரண்டு பிரேக்கையும் போடுங்கள். இறங்குவதற்கு அந்த இடத்திலேயே கைக்கு எட்டும் உயரத்தில் ஒரு நீல பட்டன் உண்டு.

ஒரு பஸ்ஸில் ஒரு வீல்சேருக்குத்தான் இடம். ஏற்கெனவே ஒருவர் இருந்தால் அடுத்த பஸ்தான். குழந்தை வண்டி நின்றால் கதை வேறு, அந்த இடத்தில் வீல்சேருக்குத்தான் முன்னுரிமை. டிரைவர் 'கொஞ்சம் நகருங்கள்' என்று ஒரு தடவை கேட்டுவிட்டு விட்டுவிடக் கூடாது, அதற்கு மேலும் முயற்சி எடுக்க வேண்டும் என்று பிரிட்டன் உச்ச நீதிமன்றம் 2017-ல் தீர்ப்பே சொல்லியிருக்கிறது. நம் ஆட்கள் கூச்சப்பட்டு ஒதுங்கி நிற்பதைப் பார்த்திருக்கிறேன். கூச்சப்படாதீர்கள், அது அப்பாவின் இடம். நாற்காலி 70 செ.மீ. அகலம், 120 செ.மீ. நீளத்துக்குள் இருக்க வேண்டும்; கால் நீட்டும் பலகை பொருத்தியிருந்தால் ஊரிலேயே அளந்துவிடுங்கள்.

மழையோ களைப்போ வந்தால் கறுப்பு டாக்ஸி. 2000-லிருந்து லண்டனின் கறுப்பு டாக்ஸி ஒவ்வொன்றும் வீல்சேர் ஏற்றக்கூடியதாக இருந்தாக வேண்டும். நாற்காலியோடே ஏறலாம், அதற்காகக் கூடுதல் காசு கேட்பது சட்டப்படி தப்பு.

சரி, எங்கே போவது? முதல் நாளுக்கு நான் தருவது தேம்ஸின் தென்கரை. இல்ஃபோர்டிலிருந்து ஸ்ட்ராட்ஃபோர்ட், அங்கே லிஃப்டில் போய் ஜூபிலி லைன் மாறி வாட்டர்லூ. அந்தத் துண்டில் எல்லா நிலையமும் நீல வட்டம். வாட்டர்லூவிலிருந்து லண்டன் ஐ ராட்டினம் பக்கம்தான். அப்பா ஏறுவதற்குச் சக்கரத்தை மெதுவாக்கவோ நிறுத்தவோ செய்வார்கள். உடன் வரும் ஒருவருக்கு டிக்கெட் இலவசம். யூடிஐடி என்ற நம் மாற்றுத்திறனாளி அடையாள அட்டையும், மருத்துவர் ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்த கடிதமும் கையில் இருக்கட்டும். அங்கிருந்து கிழக்கே நதியை ஒட்டிச் சுமார் 3 கிலோமீட்டர், பெரும்பாலும் சமதளம். வழியில் டேட் மாடர்ன் கலைக்கூடம். நிரந்தரக் காட்சிகள் இலவசம், லிஃப்ட், கழிப்பறை எல்லாம் உண்டு. முடிவில் லண்டன் பிரிட்ஜ் நிலையம், அதே ஜூபிலி லைன். ஏறிய வழியே திரும்ப வேண்டியதில்லை.

அந்த வழியில் கிளிங்க் தெருப் பக்கம் மட்டும் பழைய கல் பாவிய தரை. கல்லுக்கும் கல்லுக்கும் நடுவில் முன்பக்கத்துச் சின்னச் சக்கரம் மாட்டிக்கொண்டால் நாற்காலி சட்டென்று நிற்கும், உட்கார்ந்திருப்பவர் நிற்க மாட்டார். இப்படி ஒரு கல் தரையில் நான் முகம் குப்புற விழப் பார்த்திருக்கிறேன். கல்லைக் கண்டதும் நாற்காலியைத் திருப்பி, முன்சக்கரத்தைக் கொஞ்சம் தூக்கி, பின்னோக்கி இழுத்துக்கொண்டு போங்கள். இடுப்பு பெல்ட் கட்டாயம். அப்பாவின் இடது கால் அவருக்குத் தெரியாமலே மிதிபலகையிலிருந்து நழுவித் தரையில் இழுபடலாம். பாதத்துக்கு ஒரு வெல்க்ரோ பட்டை போட்டுவிடுங்கள்.

இன்னொரு நாள் பிரிட்டிஷ் மியூசியம். எலிசபெத் லைனில் டாட்டன்ஹாம் கோர்ட் ரோடு, அங்கிருந்து பக்கம். அனுமதி இலவசம், வாசல் படிகளின் ஓரத்தில் லிஃப்ட். அமராவதிச் சிற்பங்கள் அங்கேதான் இருக்கின்றன. அதைப் பார்க்காமல் வராதீர்கள்.

டவர் பிரிட்ஜில் மேல் நடைபாதை வரை லிஃப்ட் போகிறது. கண்ணாடித் தரைக்கு 42 மீட்டர் கீழே நதி. பக்கத்திலுள்ள லண்டன் டவர் கோட்டை கடினமான இடம்: கல் தரை, நடுவிலுள்ள வெள்ளைக் கோபுரத்தில் ஏகப்பட்ட படி. ஆனால் கோஹினூர் வைரம் பதித்த கிரீடம் உள்ள நகைமாளிகைக்குள் நாற்காலியோடு போகலாம். இரண்டுக்கும் டிஎல்ஆர் என்ற இலகு ரயிலின் டவர் கேட்வே நிலையம் வசதி. டிஎல்ஆர் ரயிலில் எல்லா நிலையமும் படியில்லாதவை. செயின்ட் பால் தேவாலயத்தின் உள்ளே சரிவுப்பாதையில் போகலாம், கூரை மாடத்துக்கு 528 படி, லிஃப்ட் இல்லை.

ஒரு நாள் படகில் கிரீனிச் போங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை. தேம்ஸில் கடல் ஏற்ற இறக்கம் உண்டு, நீர்மட்டம் 7 மீட்டர் வரை மாறும். படகுத்துறை தண்ணீரில் மிதப்பது. தண்ணீர் இறங்கினால் கரையிலிருந்து துறைக்குப் போகும் பாலம் செங்குத்தாகச் சரிந்துவிடும். காலையில் சாதாரணமாக இறங்கிய அதே பாலத்தில் மதியம் இரண்டு பேர் பிடித்து இழுக்க வேண்டி வரும். அன்றைக்கு நீர் உயர்ந்திருக்கும் நேரத்தைப் பார்த்து டிக்கெட் எடுங்கள். கிரீனிச்சில் கட்டி சார்க் கப்பலில் லிஃப்ட் உண்டு. வானாய்வகம் இருக்கும் குன்றில் கீழிருந்து தள்ளி ஏற முயலாதீர்கள், முதுகு போய்விடும். திரும்புவதற்குக் கிரீனிச் டிஎல்ஆர்.

இப்போது நீங்கள் கேட்காத ஒன்று. தம்பியின் வீட்டில் குளியலறை எங்கே இருக்கிறது? அந்தப் பக்கத்துப் பழைய வரிசை வீடுகளில் வாசலில் ஒரு படி இருக்கும், குளியலறையும் படுக்கையறையும் மாடியில் இருக்கும், மாடிப்படி குறுகலாக இருக்கும். லண்டன் பயணம் பாழாவது பெரும்பாலும் பாதாள ரயிலில் இல்லை, இங்கேதான். இந்த வாரமே வாசல் கதவு, கழிப்பறைக் கதவு அகலத்தை டேப் வைத்து அளந்து சொல்லச் சொல்லுங்கள். சரிப்படாவிட்டால் ஸ்ட்ராட்ஃபோர்ட் பக்கம் ஹோட்டல் எடுங்கள். 'வீல்சேர் அறை' என்ற வார்த்தையை மட்டும் நம்ப வேண்டாம். ஒரு ஹோட்டலில் அப்படிச் சொல்லி எனக்குக் கொடுத்த அறையில் குளிப்பதற்கு உயரமான தொட்டிதான் இருந்தது. நான்கு நாள் துண்டால் துடைத்துக்கொண்டு கிளம்பினேன். வெட் ரூம், அதாவது தொட்டியும் தடுப்புமில்லாத சமதளக் குளியலறை வேண்டும் என்று கேட்டு, போட்டோ வாங்குங்கள். அப்பாவுக்கு வலது கைதான் பலம் என்பதால் கழிப்பறைக் கைப்பிடி வலது பக்கம் வருகிறதா என்றும் கேளுங்கள்.

வெளியிடங்களில் பூட்டிய ஊனமுற்றோர் கழிப்பறைகள் நிறைய. எல்லாவற்றுக்கும் ஒரே சாவி, ரேடார் சாவி என்பார்கள். சில பவுண்டுதான், தம்பியை முன்கூட்டியே வாங்கி வைக்கச் சொல்லுங்கள். உள்ளே தரை வரை தொங்கும் சிவப்புக் கயிறு ஆபத்துக்கு உதவி கூப்பிட. விழுந்தவர் கைக்கு எட்டத்தான் அது தரை வரை விடப்பட்டிருக்கிறது. சுருட்டி மேலே கட்டாதீர்கள்.

விமானத்துக்குக் குறைந்தது 48 மணி நேரம் முன்பே, அப்பாவுக்கு இருக்கை வரை உதவி வேண்டும் என்று பதிவு செய்யுங்கள். சொந்த நாற்காலியை விமானத்தின் வாசலில் ஒப்படையுங்கள். மெத்தை, மிதிபலகை போன்ற கழற்றக்கூடியவற்றைக் கழற்றிக் கையோடு எடுத்துப் போங்கள்.

ஒரு நாளுக்கு ஒரு இடம் போதும். ஜூனில் லண்டனில் இரவு ஒன்பது மணிக்கு மேல்தான் சூரியன் மறையும். காலையில் அவசரப்படுத்த வேண்டாம். நதிக்கரையை மட்டும் பார்க்கும் நாளில் மதியம் அப்பா சாப்பிட்டுத் தூங்கி எழட்டும், நாலு மணிக்குக் கிளம்புங்கள். அந்த நேரத்து அலுவலகக் கூட்டம் நகரத்திலிருந்து வெளியே வரும், நீங்கள் எதிர்த்திசையில் உள்ளே போவீர்கள். அப்புறம் நதிக்கரையில் நாலு மணி நேரத்துக்கு மேல் வெளிச்சம் இருக்கும். இன்றைக்கே அப்பாவிடம் இந்தப் பெயர்களை எல்லாம் வாசித்துக் காட்டி, முதல் நாள் எங்கே என்று அவரையே சொல்லச் சொல்லுங்கள்.