தாத்தாவின் வேதாகமமும் மாற்குவின் கடைசி வசனமும்

கேள்வி: எனக்கு வயது 27. தாத்தா கிராமத்துச் சபையில் உபதேசியாராக இருந்தவர். எங்கள் வீட்டில் இரவு குடும்ப ஜெபம் ஒரு நாளும் தவறாது. ஐந்து வருடமாக ஞாயிறு பள்ளியில் பாடம் நடத்துகிறேன். ஆறு மாதமாக ஆதித் திருச்சபை வரலாற்றைப் படித்துவருகிறேன். மாற்கு சுவிசேஷத்தின் கடைசிப் பகுதி மிகப் பழைய பிரதிகளில் இல்லை என்று தெரிந்த இரவு தூக்கம் வரவில்லை. வேதாகமத்தில் எந்தப் புத்தகங்கள் இருக்கலாம் என்று ரோமப் பேரரசன் கான்ஸ்டன்டைன் நிசேயா நகரில் கூடிய திருச்சபைச் சங்கத்தில் ஓட்டெடுப்பு வைத்தான் என ஒரு வீடியோவும் பார்த்தேன். அம்மாவிடம் சொன்னேன். ‘பின்மாறிப் போயிட்டியே’ என்று, விசுவாசத்தை விட்டே போய்விட்டதுபோல அழுதுவிட்டார். தாத்தா ஓரமெல்லாம் பென்சிலில் குறிப்பு எழுதிவைத்த வேதாகமத்தைத் திறக்கவே கூச்சமாக இருக்கிறது. இனி எந்த முகத்தோடு பாடம் நடத்துவேன்?
வாசகி, திருநெல்வேலி

பதில்: முதலில் அந்த வீடியோவை ஓரமாக வையுங்கள். கி.பி. 325-ல் நிசேயாவில் கூடிய பேராயர்கள் புத்தகங்களுக்கு ஓட்டுப் போடவில்லை. அவர்கள் முன்னால் இருந்தது ஆரியுஸ் என்ற குரு கிளப்பிய வழக்கு: குமாரன் படைக்கப்பட்டவரா, பிதாவின் அதே தன்மை உடையவரா? ஈஸ்டரை எந்த நாளில் கொண்டாடுவது என்பதையும் பேசினார்கள். இன்றைய புதிய ஏற்பாட்டின் 27 புத்தகங்களும் கூடாமல் குறையாமல் இருக்கும் பட்டியல் முதன்முதலாக நமக்குக் கிடைப்பது அலெக்சாந்திரியாவின் பேராயர் அத்தனாசியுஸ் 367-ல் எழுதிய ஈஸ்டர் கடிதத்தில்தான். அதற்கப்புறமும் எல்லோரும் தலையாட்டிவிடவில்லை. சிரிய மொழிச் சபைகளின் வேதாகமமான பெஷீத்தாவின் புதிய ஏற்பாட்டில் இருந்தது 22 புத்தகங்கள்தான். வெளிப்படுத்தின விசேஷம் அதில் கிடையாது. ஒரு ராஜா ஒரே நாளில் கட்டளை போட்டிருந்தால் இத்தனை இழுபறி எதற்கு?

மாற்கு விஷயம் அப்படியல்ல. அது உண்மை. நான்காம் நூற்றாண்டின் கையெழுத்துப் பிரதிகளான சினாய்ப் பிரதி, வத்திக்கான் பிரதி இரண்டிலும் அந்தச் சுவிசேஷம் 16:8-ல் நின்றுவிடுகிறது. பெண்கள் கல்லறையிலிருந்து நடுங்கி ஓடுகிறார்கள். பயத்தில் யாரிடமும் ஒன்றும் சொல்லவில்லை. அவ்வளவுதான். விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணின் கதையும் (யோவான் 8) இந்த இரண்டு பிரதிகளிலும் இல்லை. இதையெல்லாம் சபைக்கு ஆகாதவர்கள் கிளப்பிய புரளி என்று அம்மா நினைக்கலாம். 1881-ல் கிரேக்கப் புதிய ஏற்பாட்டை ஹோர்ட் என்ற அறிஞரோடு சேர்ந்து பதிப்பித்து, மாற்குவின் அந்தக் கடைசிப் பகுதியை அடைப்புக்குறிக்குள் போட்ட ஆங்கிலேய அறிஞர் வெஸ்ட்காட், பின்னாளில் இங்கிலாந்தில் டர்ஹாமின் பேராயரானார். இது தெரிந்தேதான் அவர் அந்தப் பதவியில் இருந்தார்.

உங்களை உறுத்துவது மாற்குவின் இந்தப் பன்னிரண்டு வசனங்கள் (16:9-20) மட்டும்தான் என்று எனக்குத் தோன்றவில்லை. விசுவாசம் ஒரே வார்ப்பாக, கீறல் இல்லாமல் இறங்கிவந்தது என்றுதான் உங்களுக்குக் கொடுக்கப்பட்டது. ஆனால் கலாத்தியர் இரண்டாம் அதிகாரத்தை நீங்கள் ஞாயிறு பள்ளியிலேயே படித்திருப்பீர்கள். யூதரல்லாத புறஜாதியாரோடு சாப்பிட்டுக்கொண்டிருந்த பேதுரு, எருசலேமிலிருந்து ஆட்கள் வந்ததும் பந்தியிலிருந்து விலகிக்கொள்கிறார். பவுல் அவரை எல்லார் முன்னிலையிலும் முகமுகமாய் எதிர்க்கிறார். பந்தியில் யார் யாரோடு உட்காரலாம் என்ற சண்டை! நம் ஊர்க்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. அந்தச் சண்டையை யாரும் மறைக்கவில்லை, வேதாகமத்துக்குள்ளேயே கிடக்கிறது.

ஆகவே புத்தக வரிசையை விட்டு, எழுதப்பட்ட வரிசையில் படித்துப் பாருங்கள். கி.பி. 50-ஐ ஒட்டி எழுதப்பட்ட முதலாம் தெசலோனிக்கேயரில் தொடங்குங்கள். மாற்கு வருவதற்கு இன்னும் இருபது வருடம் போல ஆகும். அப்புறம் டிடாக்கே என்ற சிறு நூல். ஆதிச் சபைகளின் நடைமுறைக் கையேடு. பல நூற்றாண்டு காணாமல் கிடந்து, 1873-ல் கான்ஸ்டான்டிநோபிளில் ஒரு ஏட்டுத் தொகுப்பிலிருந்து கண்டெடுக்கப்பட்டது. ஞானஸ்நானத்துக்கு ஓடுகிற தண்ணீர் வேண்டும். போதிய தண்ணீர் இல்லாவிட்டால் தலையில் மூன்று முறை ஊற்றினால் போதும் என்கிறது. ஊருக்கு வரும் அப்போஸ்தலன் மூன்று நாள் தங்கினால், அல்லது காசு கேட்டால், அவன் கள்ளத் தீர்க்கதரிசி என்றும் சொல்கிறது. (வெளியூர்ப் பிரசங்கியார்கள் வரும் கன்வென்ஷன் சீசனில் இதை உரக்கப் படித்துவிடாதீர்கள்.)

ஞாயிறு பள்ளிக்கு வருவோம். நம்பாததை நம்புவதுபோல் குழந்தைகள் முன்னால் நடிப்பது உங்களைத்தான் அரிக்கும். மே மாத வி.பி.எஸ். (விடுமுறை வேதாகமப் பள்ளி) முடியும்வரை விடுப்பு வேண்டும் என்று சபைப் போதகரான ஐயரிடம் கேளுங்கள். ‘படிக்க வேண்டியிருக்கிறது’ என்று சொன்னால் போதும், அது பொய்யும் இல்லை. சபை முழுக்கத் தண்டோரா போட வேண்டாம். கிறிஸ்மஸுக்குள் ஒரு முடிவுக்கு வந்தே ஆக வேண்டும் என்று யாரும் கெடு வைக்கவும் இல்லை.

அம்மாவுக்கு வீடியோ எதையும் அனுப்பாதீர்கள். உங்கள் கேள்வி அவர் காதில் ‘என்னை விட்டுப் போகிறேன்’ என்று விழுந்திருக்கிறது. குடும்ப ஜெபத்தில் போய் உட்காருங்கள். வாசிக்கும் முறை உங்களுடையது என்றால் கலாத்தியரை எடுங்கள். ஜெபிக்க மனம் வராத அன்று பாட்டை மட்டும் பாடுங்கள்.

தாத்தாவின் வேதாகமத்தையும் திறந்துவிடுங்கள். மாற்கு 16-ன் ஓரத்தில் அவர் பென்சிலால் ஏதாவது எழுதியிருக்கிறாரா என்று பாருங்கள். இருந்தால் எனக்கும் ஒரு வரி எழுதுங்கள்.