சர்வரின் டெஸ்க்டாப்பை வீட்டிலிருந்து திறக்க...

கேள்வி: அலுவலகத்தில் ஒரு விண்டோஸ் சர்வர் இருக்கிறது. அலுவலகத்துக்குள் என் லேப்டாப்பிலிருந்து ரிமோட் டெஸ்க்டாப் மூலம் அதைத் திறக்க முடிகிறது. வீட்டிலிருந்து முயன்றால் இணைவதே இல்லை. ரவுட்டரில் ரிமோட் டெஸ்க்டாப்புக்கான வாசலான 3389 போர்ட்டைத் திறந்துவிட்டால் போதும் என்கிறார் நண்பர். திறக்கலாமா? என் லேப்டாப்பில் விண்டோஸ் ஹோம்தான் இருக்கிறது. அது காரணமாக இருக்குமா?

பதில்: ஹோம் பதிப்பு காரணமில்லை. ஹோம் உள்ள கணினிக்குள் வேறொருவர் ரிமோட் டெஸ்க்டாப் வழியே நுழைய முடியாது. அதிலிருந்து வெளியே இணையத் தடையில்லை. அலுவலகத்துக்குள் வேலை செய்கிறது என்றால் சர்வரின் அமைப்பும் சரியாகவே இருக்கிறது. நீங்கள் தரும் முகவரிதான் பிரச்சினை. அது 192.168 என்று தொடங்குகிறதா, பாருங்கள். அப்படிப்பட்ட முகவரி அந்த நெட்வொர்க்குக்குள் மட்டுமே செல்லும். வீட்டில் அதே எண்ணைத் தட்டினால் இணையத்தில் எங்கும் போய்ச் சேராது.

நண்பர் சொல்லும் வழியில் இணைப்பு கிடைத்துவிடும். ஆனாலும் தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். 3389 திறந்திருக்கும் முகவரிகளை இணையம் முழுக்கத் தேடி, பாஸ்வேர்டுகளை மாற்றி மாற்றிப் போட்டுப் பார்க்கும் நிரல்கள் ஓயாமல் ஓடுகின்றன. வலுவான பாஸ்வேர்டு வைத்தால் போதாதா என்று கேட்கலாம். 2019 மே மாதம் வெளிவந்த, ரிமோட் டெஸ்க்டாப்பின் ‘புளூகீப்’ என்ற பாதுகாப்பு ஓட்டைக்குப் பாஸ்வேர்டே தேவைப்படவில்லை. 2014இலேயே ஆதரவை நிறுத்திவிட்ட எக்ஸ்பி பதிப்புக்கும்கூட மைக்ரோசாஃப்ட் அதற்காகத் திருத்தம் வெளியிட்டது. ஆபத்து அவ்வளவு பெரியது. போர்ட் எண்ணை மட்டும் மாற்றி வைப்பதும் காப்பாற்றாது. எல்லா எண்களையும் தட்டிப் பார்ப்பவர்களுக்கு அது சிறு தாமதம், அவ்வளவே.

அதற்குப் பதில் வி.பி.என். அமைத்துக்கொள்ளுங்கள். இணையம் வழியே அலுவலக நெட்வொர்க்குக்குள் உங்களை மட்டும் கொண்டுசேர்க்கும் மறையாக்கப்பட்ட பாதை அது. உங்கள் அலுவலக ரவுட்டரிலேயே அந்த வசதி இருக்கலாம். முதலில் அதைப் பாருங்கள். நான் பரிந்துரைப்பது வயர்கார்டு என்ற வி.பி.என். சரியான சாவி இல்லாமல் வரும் எந்த அழைப்புக்கும் அது பதிலே தராது. அதனால் வெளியிலிருந்து தேடுபவருக்கு அங்கே ஒன்று இருப்பதே தெரியாது. அமைக்கும்போது பலர் தடுமாறும் இடம் ஒன்று உண்டு: வீட்டு நெட்வொர்க்கும் அலுவலக நெட்வொர்க்கும் ஒரே 192.168.1 வரிசையில் இருந்தால், வி.பி.என். இணைந்த பிறகும் சர்வர் கிடைக்காமல் போகலாம். வீட்டு ரவுட்டரில் வரிசையை மாற்றிவிட்டால் தீர்ந்தது.

பிறகு வழக்கம்போல ரிமோட் டெஸ்க்டாப்பைத் திறந்து அதே 192.168 முகவரியைக் கொடுங்கள். டெஸ்க்டாப் திறக்கும் முன்பே பாஸ்வேர்டைச் சரிபார்க்கும் ‘நெட்வொர்க் லெவல் ஆதென்டிகேஷன்’ சர்வரில் இயங்கட்டும்; இணைப்பு வராதபோது அதை அணைத்துவிடச் சொல்லும் யோசனைகளைக் கேட்காதீர்கள். அட்மின் அல்லாத கணக்கில் நுழைகிறீர்கள் என்றால், அந்தக் கணக்கு ‘ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸ்’ குழுவில் இருக்க வேண்டும்.

இணைந்த பிறகு கவனிக்க வேண்டியது, வெளியேறும் விதம். பெருக்கல் குறியை அழுத்தினால் திரை மட்டும் மறையும். சர்வரில் உங்கள் செஷன், அதாவது நீங்கள் திறந்துவைத்த நிரல்கள் எல்லாம், அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். இரவெல்லாம் ஓட வேண்டிய வேலைக்கு இது பெரிய வசதி. வேலை முடிந்துவிட்டால் ‘சைன் அவுட்’ கொடுங்கள். தனி உரிமம் வாங்காத விண்டோஸ் சர்வரில், நிர்வாகப் பணிக்காக ஒரே நேரத்தில் 2 செஷன்களுக்குத்தான் இடம். வேலையில்லாமல் திறந்தே கிடக்கும் ஒன்று, அவசரத்துக்கு உள்ளே வரும் சக ஊழியரை வாசலில் நிறுத்திவிடக்கூடும். ‘ஷட் டவுன்’ பக்கம் போகவே போகாதீர்கள். அணைந்த சர்வரை எழுப்ப யாராவது நேரில் போய்ப் பொத்தானை அழுத்த வேண்டியிருக்கும். கன்ட்ரோல்-ஆல்ட்-டெலிட் தேவைப்பட்டால் கன்ட்ரோல்-ஆல்ட்-எண்ட் அழுத்துங்கள். முன்னதை உங்கள் லேப்டாப்பே எடுத்துக்கொள்ளும்.

நாளை சர்வர் லினக்ஸுக்கு மாறினாலும் இதே வி.பி.என். உதவும். அங்கே ரிமோட் டெஸ்க்டாப் இணைப்புகளை ஏற்கும் எக்ஸ்ஆர்டிபி என்ற நிரலை நிறுவினால், இப்போது பயன்படுத்தும் ரிமோட் டெஸ்க்டாப் நிரலையே தொடர்ந்து பயன்படுத்தலாம்.