பி.டி.எஸ்.ஸுக்குத் தனி ‘பேக்கேஜ்’ வாங்கலாமா?

நீட் பயிற்சி, புத்தகம், டெஸ்ட் சீரீஸ் பற்றி சேலத்திலிருந்தும் ஏற்காட்டிலிருந்தும் வந்த கேள்விகளை இந்த முறை ஒன்றாகச் சேர்த்திருக்கிறோம். பிள்ளையைப் பல் டாக்டராக்க வேண்டும் என்ற ஆசையில் தொடங்கி, பணத்தில் வந்து நிற்கும் கேள்விகள்.

கேள்வி: பிளஸ் ஒன் படிக்கும் என் மகளுக்குப் பல் டாக்டர் ஆகணும்னு ஆசை. ஒரு பயிற்சி மையத்தில் விசாரித்தோம். "எம்.பி.பி.எஸ். பேட்ச் ஒன்றரை லட்சம், பி.டி.எஸ். ஸ்பெஷல் பேட்ச் 70 ஆயிரம். சிலபஸ் குறைவு, தனி மெட்டீரியல் தருகிறோம்" என்றார்கள். பாதி விலைதானே, சேர்த்துவிடலாமா?
– ஒரு தாய், ஃபேர்லேண்ட்ஸ்

பதில்: இல்லாத பொருளுக்கு விலை சொல்லியிருக்கிறார்கள், அம்மா. பி.டி.எஸ்.ஸுக்கென்று தனியாக ஒரு நுழைவுத் தேர்வு நம் நாட்டில் கிடையாது. எம்.பி.பி.எஸ். கேட்கும் பிள்ளையும் பி.டி.எஸ். கேட்கும் பிள்ளையும் ஒரே நாளில் ஒரே நீட் வினாத்தாளைத்தான் எழுதுகிறார்கள். 2025 முதல் அதில் 180 கேள்விகள், 180 நிமிடங்கள். இயற்பியல் 45, வேதியியல் 45, உயிரியல் 90. சரியான விடைக்கு 4 மதிப்பெண், தவறுக்கு 1 கழிவு, மொத்தம் 720. சென்னையில் இருக்கும் மருத்துவத் தேர்வுக் குழு வெளியிடும் தரவரிசைப் பட்டியலும் இரண்டு படிப்புக்கும் பொது. பிறகு சிலபஸ் எங்கிருந்து குறையும்?

பி.டி.எஸ்.ஸில் குறைவது கட்-ஆஃப் மட்டும்தான். அதை வைத்துக்கொண்டு ‘பாதி படித்தால் போதும்’ என்று விற்கிறார்கள். தமிழ்நாட்டில் அரசுப் பல் மருத்துவக் கல்லூரி சென்னை, சிதம்பரம், புதுக்கோட்டை ஆகிய மூன்று ஊர்களில்தான் இருக்கிறது. அங்கே இடம் கேட்டு நிற்பவர்களில் பலர் முழு சிலபஸும் படித்து எம்.பி.பி.எஸ்.ஸைக் கொஞ்சத்தில் தவறவிட்டவர்கள். பாதி சிலபஸ் படித்த உங்கள் மகள் அவர்களோடுதான் போட்டி போட வேண்டும்.

அந்த மையத்தையே ஒரேயடியாக ஒதுக்கச் சொல்லவில்லை. பணம் கட்டுமுன் அந்தத் ‘தனி மெட்டீரிய’லைக் கையில் வாங்கிப் பொருளடக்கத்தைப் புரட்டுங்கள். தேசிய மருத்துவ ஆணையம் வெளியிட்டுள்ள நீட் பாடத்திட்டத்தை போனில் திறந்து வைத்துக்கொண்டு பாடம் பாடமாக ஒப்பிடுங்கள். எல்லாப் பாடமும் இருந்தால் அது சாதாரண நீட் பேட்ச், பெயர்தான் வேறு. அப்படியானால் 70 ஆயிரம் நல்ல விலைகூட. பாடம் விடுபட்டிருந்தால் வேண்டவே வேண்டாம். ‘அட்மிஷன் போட்ட பிறகுதான் காட்டுவோம்’ என்றால் எழுந்து வந்துவிடுங்கள்.

புத்தகத்துக்காக யாருக்கும் பெரிய தொகை கொடுக்காதீர்கள். நீட்டின் அடிப்படை, மத்திய அரசின் கல்வி நிறுவனமான என்.சி.இ.ஆர்.டி. வெளியிடும் பாடநூல்கள், அவற்றை அந்த நிறுவனத்தின் தளத்திலேயே இலவசமாக இறக்கிக்கொள்ளலாம். நீட்டை நடத்தும் தேசியத் தேர்வு முகமை முந்தைய ஆண்டுகளின் வினாத்தாள்களையும் விடைக் குறிப்புகளையும் இலவசமாகத்தான் வைத்திருக்கிறது. பயிற்சி மையத்திடம் காசு கொடுத்து வாங்க வேண்டியது, உங்கள் மகள் தப்பு செய்யும் இடத்தைப் பார்த்துத் திருத்தும் ஓர் ஆசிரியரின் நேரம். ‘ஒரு பேட்ச்சில் எத்தனை பேர், சந்தேகம் கேட்க எந்த நேரம், யாரிடம்?’ என்று கேளுங்கள். விலை அந்தப் பதிலில்தான் இருக்கிறது.

கேள்வி: ஆன்லைனில் ‘டென்டல் அட்மிஷன் டெஸ்ட்’ என்று தேடி 3,800 ரூபாய்க்கு ஒரு கைடு வாங்கினேன். உள்ளே கனசதுரங்களை எண்ணுவது, காகிதத்தை மடித்து ஓட்டை போடுவது என்று ஒரே படமாக இருக்கிறது. இயற்பியலே காணோம். போலிப் புத்தகமா?
– அஸ்தம்பட்டி வாசகர்

பதில்: போலி இல்லை, வேறு நாட்டுத் தேர்வுக்கான புத்தகம். அமெரிக்கப் பல் மருத்துவச் சங்கம் நடத்தும் ‘டாட்’ தேர்வுக்கானது அது. அந்தத் தேர்வில் உயிரியலும் வேதியியலும் சேர்ந்து 100 கேள்விகள், வாசித்துப் புரிந்துகொள்வதற்கு 50, கணக்குக்கு 40. நீங்கள் பார்த்த படங்கள் வடிவங்களைக் கண்ணால் அளக்கும் பகுதி. அதில் மட்டும் 90 கேள்விகள். இயற்பியல் அங்கே கிடையாது. நம் நீட்டில் இந்தப் படப் புதிர்கள் கிடையாது. ஆக, உங்கள் பிள்ளைக்கு அந்தக் கைடால் ஆகப்போவது ஒன்றுமில்லை.

இங்கே பி.டி.எஸ். முடித்துவிட்டு அமெரிக்கா போகலாம் என்ற யோசனை இருந்தாலும் அந்தப் புத்தகம் தேவைப்படாது. வெளிநாட்டில் பட்டம் பெற்ற பல் மருத்துவர்களுக்கு அங்கே வேறு தேர்வு, வேறு வழி.

திருப்பி அனுப்பும் கெடு முடிவதற்குள் இன்றே அனுப்புங்கள். விற்பனைப் பக்கத்தில் ‘நீட்’ என்றோ ‘இந்திய பி.டி.எஸ். நுழைவுத் தேர்வு’ என்றோ போட்டிருந்தால் அதை ஸ்க்ரீன்ஷாட் எடுத்து வையுங்கள். விளம்பரத்தில் சொன்னதற்குப் பொருந்தாத பொருளைத் திரும்ப எடுக்க மாட்டேன் என்று விற்பவர் சொல்ல 2020-ஆம் ஆண்டு மின்வணிக விதிகள் இடம் தருவதில்லை. பக்கத்தில் எல்லாம் சரியாகப் போட்டிருந்து நீங்கள் கவனிக்கவில்லை என்றால், அந்தக் கெடுவை விட்டால் வேறு பிடி இல்லை.

கேள்வி: அக்கா மகன் 2022-இல் நீட் எழுதினான். அவனுடைய கைடு, என்.சி.இ.ஆர்.டி., மாட்யூல் எல்லாம் ஒரு மூட்டை இருக்கிறது. தெரிந்தவர் ஒருவர் இதே மாதிரி பழைய செட்டை 4,000 ரூபாய்க்குத் தருகிறார். புதிதாக வாங்குவதா, பழையதே போதுமா?
– செவ்வாய்ப்பேட்டை வாசகர்

பதில்: அக்கா வீட்டு மூட்டை சும்மா கிடைக்கும்போது 4,000 எதற்கு? ஆனால் மூட்டையைப் பிரித்துச் சலிக்க வேண்டும். 2024 தேர்விலிருந்து பாடத்திட்டம் மாறிவிட்டது. வேதியியலில் திட நிலைமை, புறப்பரப்பு வேதியியல், ஹைட்ரஜன், எஸ்-தொகுதித் தனிமங்கள், பலபடிகள், அன்றாட வாழ்வில் வேதியியல் எல்லாம் போய்விட்டன. உயிரியலில் செரிமானம், தாவரங்களில் கடத்தல், கனிம ஊட்டம், சுற்றுச்சூழல் பிரச்சினைகள் போயின. இயற்பியலில் செய்முறை சார்ந்த ஒரு பகுதி புதிதாக வந்திருக்கிறது. தாவரக் குடும்பங்களிலும் சில புதிதாகச் சேர்ந்தன. 2022 கைடை முதல் பக்கத்திலிருந்து வரிசையாகப் படிக்கும் பிள்ளை, கேட்கவே போகாத பாடத்துக்கு வாரக்கணக்கில் நேரம் கொடுக்கும். புதிதாக வந்ததைப் பார்த்தே இருக்காது.

அதனால் முதல் வேலை, இப்போதைய பாடத்திட்டத்தை அச்செடுத்து வைத்துக்கொண்டு, நீக்கப்பட்ட பாடங்களைப் பென்சிலால் குறுக்கே கோடு போட்டு அடிப்பது. ஓர் ஞாயிற்றுக்கிழமை மதியத்தில் முடியும். பிள்ளையே செய்தால் நல்லது, பாடத்திட்டம் மனசில் பதியும்.

என்.சி.இ.ஆர்.டி.யை மட்டும் புதுப் பதிப்பாக வாங்குங்கள். உயிரியல் கேள்விகளில் பல அந்தப் புத்தகத்தின் வரியிலிருந்தும் படத்துக்குக் கீழே இருக்கும் குறிப்பிலிருந்தும் நேராகவே வருகின்றன. மதிப்பெண்ணில் சரிபாதி அந்த ஒரு பாடம். அசல் பிரதியின் தாளை வெளிச்சத்தில் பிடித்தால் நீர்க்குறி தெரியும். அது இல்லாத, அச்சு மங்கிய பிரதியை வாங்காதீர்கள். இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் நூலைத் திருட்டு அச்சில் காசு கொடுத்து வாங்குவது வீண்.

இயற்பியல் கணக்குப் புத்தகம் பழசானாலும் பரவாயில்லை. பழைய உரிமையாளர் விடையைப் பேனாவால் வட்டமிட்டிருக்கிறாரா என்று மட்டும் பாருங்கள். விடை தெரியும் கேள்வியில் பயிற்சி எடுக்க முடியாது. பயிற்சி மையங்கள் தரும் பழைய மாட்யூல்கள் பெரும்பாலும் அந்த வகைதான், எடைக்குப் போடலாம்.

கேள்வி: நான் தமிழ் மீடியம், ஆத்தூர் பக்கம். வீட்டிலிருந்தே படிக்கிறேன். ஆன்லைன் டெஸ்ட் சீரீஸ் வாங்கலாம் என்றால் 30 டெஸ்ட், 60 டெஸ்ட், 100 டெஸ்ட் என்கிறார்கள். எது வாங்க?
– பிளஸ் டூ மாணவர்

பதில்: தம்பி, எண்ணிக்கையை விடு. முதலில் கேட்க வேண்டியது, கேள்விகள் தமிழிலும் வருமா என்று. நீட் தமிழில் எழுதலாம். வினாத்தாளில் தமிழும் ஆங்கிலமும் சேர்ந்தே இருக்கும். இரண்டுக்கும் முரண் வந்தால் ஆங்கிலத்தில் உள்ளதே இறுதி. 2018-இல் தமிழ்த் தாளில் 49 கேள்விகளில் மொழிபெயர்ப்புப் பிழை என்று வழக்குப் போய், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 196 மதிப்பெண் தரச் சொன்னது. உச்ச நீதிமன்றத்தில் அது நிற்கவில்லை. ஆக, தமிழில் படித்துவிட்டுச் சந்தேகம் வந்தால் ஆங்கில வரியையும் ஒரு பார்வை பார்க்கும் பழக்கம் உனக்கு வேண்டும். ஒரு நிமிடத்துக்கு ஒரு கேள்வி என்ற வேகத்தில் அந்தப் பழக்கம் தேர்வன்று திடீரென்று வராது. இரண்டு மொழியும் ஒரே பக்கத்தில் இல்லாத டெஸ்ட் சீரீஸ் உனக்கு ஆகாது, எவ்வளவு மலிவாக இருந்தாலும்.

இரண்டாவது, நீட் ஓ.எம்.ஆர். தாளில் விடைக்கான வட்டத்தைப் பேனாவால் கருமையாக்கும் தேர்வு. போனில் விரலால் தட்டி எத்தனை டெஸ்ட் எழுதினாலும் அது பாதிப் பயிற்சிதான். ஓ.எம்.ஆர். தாளை ஜெராக்ஸ் கடையில் அச்செடுத்து, மதியம் 2 மணிக்கு உட்கார்ந்து 5 மணிக்கு எழுந்திரு. தேர்வு நேரமும் அதுதான்.

வாங்குவதாக இருந்தால் சிறிய பேக்கை எடு. முகமையின் பழைய தாள்கள் இலவசம் என்று மேலே சொன்னேன். அவற்றை முதலில் முடி. ஒரு டெஸ்ட் எழுத 3 மணி நேரம் என்றால் அதைப் பிரித்துப் பார்க்க இன்னும் கூடுதல் நேரம் ஒதுக்கு. தப்பான ஒவ்வொரு விடைக்கும் பக்கத்தில் காரணம் எழுது: படிக்கவில்லையா, படித்தும் மறந்ததா, அவசரமா, வட்டம் மாறிப்போனதா. அந்த நோட்டுப் புத்தகத்தை எந்தக் கடையிலும் வாங்க முடியாது. 100 டெஸ்ட் வாங்கியவர்கள் இதற்கு நேரமில்லாமல் அடுத்த டெஸ்ட்டுக்கு ஓடுகிறார்கள்.

மைனஸ் மார்க் பயத்துக்கு ஒரு கணக்கு. நான்கு கேள்விகளைக் கண்ணை மூடிக் குறித்தால் சராசரியாக ஒன்று சரி, மூன்று தவறு. கையில் நிற்பது 1 மதிப்பெண். இரண்டு விடைகளை நிச்சயமாக நீக்கிவிட்டுக் குறித்தால் இரண்டு சரி, இரண்டு தவறு, நிற்பது 6. அரைகுறையாகத் தெரிந்த கேள்வியை விட்டுவிட்டு வராதே.

கேள்வி: ஏற்காட்டில் எஸ்டேட் வேலை செய்கிறேன். மகள் ஆறாவதிலிருந்து அரசுப் பள்ளி. பத்தாவதில் நல்ல மார்க். கீழே ஒரு தனியார் பள்ளியில் பிளஸ் ஒன், பிளஸ் டூ, நீட் கோச்சிங், ஹாஸ்டல் எல்லாம் சேர்த்து ஒரே பீஸ் என்கிறார்கள். கடன் வாங்கியாவது சேர்க்கலாமா? மேலே நெட்வொர்க்கும் சரியில்லை.
– ஒரு தந்தை

பதில்: ஐயா, சேர்க்காதீர்கள். உங்கள் மகள் கையில் ஏற்கெனவே ஒரு பெரிய சொத்து இருக்கிறது. 2020-ஆம் ஆண்டு தமிழ்நாடு சட்டப்படி, ஆறாம் வகுப்பு முதல் பன்னிரண்டாம் வகுப்பு வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு எம்.பி.பி.எஸ்., பி.டி.எஸ். இடங்களில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு உண்டு. அதில் இடம் கிடைத்தால் கல்லூரிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது, தனியார் கல்லூரியானாலும். கடைசி இரண்டு வருடத்துக்குத் தனியார் பள்ளிக்கு மாற்றினால் அந்த உரிமை போய்விடும். சேர்க்கைக்கு ஆள் பிடிக்க வருகிறவர் இதை உங்களிடம் சொல்ல மாட்டார்.

அரசுப் பள்ளியிலேயே இருக்கட்டும். பள்ளிக் கல்வித் துறை நடத்தும் இலவச நீட் பயிற்சி பற்றித் தலைமையாசிரியரிடம் கேளுங்கள். நெட்வொர்க் பிரச்சினைக்கு நேரலை வகுப்பு சந்தா எதுவும் வாங்காதீர்கள். கொண்டை ஊசி வளைவுகளில் ஏறி வரும் சிக்னலை நம்பி மாதாமாதம் பணம் கட்ட முடியாது. சேலம் இறங்கும் நாளில் புத்தகங்களையும் வினாத்தாள்களையும் மொத்தமாக இறக்கி, அச்செடுத்துக் கொண்டுபோங்கள். வீடியோ பாடம் வாங்கித்தான் ஆகவேண்டும் என்றால் இணையம் இல்லாமலே ஓடும் வகைதானா என்று வீட்டில் ஒரு முறை ஓட்டிப் பார்த்துவிட்டு வாங்குங்கள்.

கேள்வி: ஜூனில் 90 ஆயிரம் மொத்தமாகக் கட்டினோம். மகனுக்கு ஒத்துவரவில்லை, ஆறு வாரத்தில் நின்றுவிட்டான். ரசீதில் ‘கட்டிய பணம் எக்காரணம் கொண்டும் திருப்பித் தரப்படாது’ என்று அச்சடித்திருக்கிறது. அவ்வளவுதானா?
– அம்மாபேட்டை வாசகர்

பதில்: அச்சடித்துவிட்டால் அது சட்டமாகிவிடாது. பள்ளி, கல்லூரிகள் நுகர்வோர் சட்டத்துக்குள் வராது என்று 2020-இல் சொன்ன தேசிய நுகர்வோர் ஆணையமே, பயிற்சி மையங்களுக்கு அந்த விலக்கு இல்லை என்றும் சொல்லிவிட்டது. 2024 ஜனவரியில் மத்தியக் கல்வி அமைச்சகம் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி, பாதியில் நிற்பவருக்கு மீதிக் காலத்துக்கான கட்டணத்தை 10 நாளில் தர வேண்டும். ஹாஸ்டல், மெஸ் பணமும் அப்படியே. அது மாநிலங்களுக்கான நெறிதான், தானாகவே சட்டம் ஆகாது. ஆனாலும் கடிதத்தில் அதைக் குறிப்பிடுங்கள், எடை கூடும்.

நின்ற தேதி, கட்டிய தொகை, கேட்கும் தொகை மூன்றையும் எழுதி ஸ்பீட் போஸ்ட்டில் அனுப்புங்கள். போனில் சண்டை போட்டு ஆதாரம் சேராது. கொடுத்த புத்தகங்களுக்கு நியாயமான தொகையைக் கழித்தால் ஒப்புக்கொள்ளுங்கள். பதில் இல்லையென்றால் 1915 என்ற நுகர்வோர் உதவி எண். அதற்கும் அசையாவிட்டால் சேலம் மாவட்ட நுகர்வோர் ஆணையம். 5 லட்சம் வரை மனுக் கட்டணம் இல்லை, வக்கீல் கட்டாயமில்லை, இரண்டு வருடத்துக்குள் போட வேண்டும். மையத்தின் தலைமையகம் வேறு மாநிலத்தில் இருந்தாலும், நீங்கள் குடியிருக்கும் ஊரிலேயே வழக்குப் போடச் சட்டம் இடம் தருகிறது.

இதற்கெல்லாம் ரசீது வேண்டும். பயிற்சிக் கட்டணத்துக்கு 18 சதவீத ஜி.எஸ்.டி. உண்டு, ‘கேஷாகக் கொடுத்தால் அது வேண்டாம்’ என்று சொல்லும் இடத்தில் ரசீதும் இருக்காது, பிறகு வழக்கும் இருக்காது.

கேள்வி: ‘எங்கள் மாணவர்கள்’ என்று பயிற்சி மையத்தின் பேனரில் வரிசையாகப் படங்கள். நம்பலாமா?
– சூரமங்கலம் வாசகர்

பதில்: படத்துக்குப் பக்கத்தில் அந்த மாணவர் என்ன கோர்ஸ், எத்தனை காலம், பணம் கட்டிப் படித்தாரா என்று போட்டிருக்கிறதா பாருங்கள். மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2024 நவம்பரில் வெளியிட்ட வழிகாட்டு நெறிகளின்படி போட்டே ஆக வேண்டும். மாணவர் தேர்ச்சி பெற்ற பிறகு அவருடைய எழுத்துபூர்வச் சம்மதமும் வேண்டும். வெறும் டெஸ்ட் சீரீஸ் எழுதியவரையும் இரண்டு வருடம் படித்தவரையும் ஒரே வரிசையில் நிறுத்துவதைத் தடுக்கத்தான் இந்த விதி. ‘சீட் உறுதி’, ‘இன்னும் மூன்றே இடம்’ போன்ற வாசகங்களும் இதே நெறிகளில் தடுக்கப்பட்டவை.

கேள்வி: நீட்டில் தகுதி பெற்றாலே போதும், பி.டி.எஸ். சீட்டை இப்போதே 2 லட்சம் கட்டி ‘புக்’ செய்துவிடலாம் என்கிறார் ஒரு ஏஜென்ட்.
– ஓமலூர் வாசகர்

பதில்: கட்டாதீர்கள். அரசு ஒதுக்கீடு, தனியார் கல்லூரி நிர்வாக ஒதுக்கீடு இரண்டும் மாநிலத் தேர்வுக் குழுவின் கவுன்சலிங்கில். நிகர்நிலைப் பல்கலைக்கழக இடங்கள் மத்தியக் கவுன்சலிங் குழுவின் வழியாக. நடுவில் புக்கிங் கவுன்டர் எதுவும் கிடையாது. ஏற்கெனவே முன்பணம் கொடுத்திருந்தால் நுகர்வோர் ஆணையத்துக்கு முன் காவல் நிலையத்துக்குப் போங்கள்.