எல்லா ‘ஊரும்’ நம் ஊர் ஆகுமா?

கேள்வி: பண்டைய ஈராக்கில் வாழ்ந்த சுமேரியர்களின் மாநகரம் ‘ஊர்’. ஜெர்மானியர்கள் தொன்மையானவற்றை ‘ஊர்’ என்கிறார்கள். ஹங்கேரியில் தலைவரை ‘ஊர்’ என்று அழைக்கிறார்கள். இத்தனை நாடுகளில் வழங்கும் இச்சொல் தமிழிலிருந்தே சென்றது என்று எழுத உங்கள் இதழ் ஏன் தயங்குகிறது?
(வாசகர் ஒருவர், மாரண்டஅள்ளி)

பதில்: தயக்கம் ஏதுமில்லை. அது உண்மை என்று எனக்குப் படவில்லை; அதனால் எழுதவில்லை.

ஓர் உயிரும் ஒரு மெய்யும் சேர்ந்த சின்னஞ்சிறு சொல், தேடினால் எத்தனையோ மொழிகளில் ஏதாவது ஒரு பொருளோடு அகப்படும். நீங்கள் மூன்றைக் காட்டினீர்கள். நான் இன்னும் சிலவற்றைச் சேர்க்கிறேன். பாஸ்க் மொழியில் ‘உர்’ என்றால் தண்ணீர். துருக்கி மொழியில் அது உடம்பில் தோன்றும் கட்டி. இந்திக் கவிதைகளில் நெஞ்சு. சமஸ்கிருதத்தில் ‘ஊரு’ தொடையைக் குறிக்கும். நாராயணரின் தொடையிலிருந்து பிறந்ததால்தான் ஊர்வசிக்கு அந்தப் பெயர் என்று புராணம் சொல்கிறது. சுமேரியத்திலேயே ‘உர்’ என்ற சொல்லுக்கு நாய் என்று பொருள். ஒலி ஒத்திருந்தால் போதும் என்பது விதியானால், ஹங்கேரியின் தலைவரை மட்டும் நம்மவர் என்று ஏற்றுக்கொண்டு மற்றவற்றை ஒதுக்கிவிட முடியாது.

ஜெர்மன் மொழியில் இவ்வாறு ஒலிக்கும் சொற்கள் இரண்டு உண்டு. ஒன்று, ‘வெளியே, அதிலிருந்து’ என்ற பழம்பொருளில் தொடங்கி, பிறகு மூலத்தையும் தொன்மையையும் குறித்த முன்னொட்டு. தாத்தாவைக் குறிக்கும் சொல்லின் முன் அதைச் சேர்த்தால் கொள்ளுத்தாத்தா ஆகிவிடுவார். மற்றொன்று கடிகாரம். கிரேக்க ‘ஹோரா’ லத்தீனுக்குள் புகுந்து, பிரெஞ்சுக்காரர் வாயில் ஹகரத்தை இழந்து, ஜெர்மனுக்கு வந்து சேர்ந்த வடிவம் அது. அதே கிரேக்கச் சொல் சோதிடத்தோடு சமஸ்கிருதத்துக்கு வந்து, நம் பஞ்சாங்கத்தில் ‘சுக்கிர ஹோரை’ என்று நிற்கிறது. ஜெர்மானியரின் கடிகாரத்துக்கு நம்மிடம் ஓர் உறவு இருக்கிறது என்றால் அது இந்த ஹோரைதான்.

சுமேரியத்தை அவ்வளவு எளிதாகக் கடந்துவிட முடியாது. தொல்லியலாளர் லியோனார்டு வூலி 1922 முதல் 1934 வரை தெற்கு ஈராக்கில் அகழ்ந்த அந்த நகரத்தைச் சுமேரியர் ‘உரிம்’ என்றே அழைத்தனர். ‘ஊர்’ என்ற வடிவம் விவிலியத்தின் வழியே உலகுக்குப் பழகியது. ஆனால் நகரம் என்ற பொதுப்பொருளில் ‘உரு’ என்றும் ‘இரி’ என்றும் படிக்கப்படும் ஒரு சொல் சுமேரியத்தில் இருப்பது உண்மை. ஒலியும் பொருளும் நெருங்கிவரும் இந்த இடத்தில் நின்று, மற்ற சொற்களும் இப்படி நெருங்குகின்றனவா என்று பார்க்க வேண்டும். சுமேரியத்தில் கண் ‘இகி’, கை ‘ஷு’, தண்ணீர் ‘அ’. இவற்றில் நம்முடைய கண்ணும் கையும் நீரும் எங்கே இருக்கின்றன? சுமேரியத்துக்கு உறவான மொழி என்று எதுவும் இன்றுவரை நிறுவப்படவில்லை.

மெய்யான சொல்லுறவு எப்படி இருக்கும் என்பதற்கு உங்கள் முகவரியே சான்று. மாரண்டஅள்ளியில் உள்ள ‘அள்ளி’ கன்னட ‘ஹள்ளி’. பழங்கன்னடத்தில் அது ‘பள்ளி’. நல்லம்பள்ளியிலும் வேப்பனப்பள்ளியிலும் இருப்பது அதே பள்ளிதான். தமிழில் சொல்லின் முதலில் பகரம் நிற்கும் இடத்தில் இன்றைய கன்னடத்தில் ஹகரம் வரும். பால் ‘ஹாலு’, பல் ‘ஹல்லு’, புலி ‘ஹுலி’, பத்து ‘ஹத்து’. நம் ‘புது’வுக்கு உறவான ‘பொஸ’, ‘ஹொஸ’ ஆனது. அதனோடு ‘ஊரு’ சேர்ந்து ஹொசூர் ஆனது. அதை நாம் ஓசூர் என்கிறோம். ஒரே விதி நூற்றுக்கணக்கான சொற்களில் பிசகாமல் நடப்பதைத்தான் உறவு என்று மொழியியலார் ஏற்பார்கள். மொழியியலாளர்கள் பர்ரோவும் எமனோவும் 1961இல் வெளியிட்ட திராவிடச் சொற்பிறப்பியல் அகராதி இந்த முறையில் தொகுக்கப்பட்டதே.

உறவு மொழியிலும்கூட ஒலி ஏமாற்றும். கிருஷ்ணகிரியில் தெலுங்கு பேசும் ஓர் அம்மா மாங்காயை நறுக்கி உப்பிட்டு ஜாடியில் அடைத்து, அதை ‘ஊரகாய’ என்பார். அதில் ஊர் இல்லை. நம் ஊறுகாயின் ‘ஊறு’ இருக்கிறது. தெலுங்கில் றகரம் ரகரத்தோடு கலந்துவிட்டதால், நாம் எழுத்தால் பிரித்துக்காட்டும் இரண்டு சொற்கள் அங்கே ஒரே முகத்தோடு நிற்கின்றன.

நம் சொல்லின் பெருமையை நான் குறைத்துப் பேசவில்லை. மருதநிலத் தலைவனைச் சங்கப் புலவர்கள் ‘ஊரன்’ என்றனர். அதியமானின் தகடூரில் அச்சொல் இருந்தது. இன்றைய தர்மபுரியில் அந்த இடத்தை, நகரத்தைக் குறிக்கும் கிரேக்க ‘பொலிஸ்’ என்ற சொல்லுக்கு உறவான ‘புரி’ பிடித்துக்கொண்டது. சோழர் கல்வெட்டுகளில் ‘ஊர்’ என்பது கூடி முடிவெடுக்கும் அவைக்கும் பெயர். அவையினர் தங்களை ‘ஊரோம்’ என்று பொறித்துக்கொண்டனர். அந்த ‘ஊரோம்’ என்பதற்குள் யார் அடங்கினர், யார் அடங்கவில்லை என்ற கேள்வி இன்னும் தீரவில்லை. இன்றும் நம் பக்கத்துக் கிராமங்களில் ‘ஊர்’ என்று சொல்பவர்கள் பலர் காலனியைச் சேர்த்துச் சொல்வதில்லை. ஊர் என்ற சொல் ஈராக் வரை சென்றதா என்பதைவிட, தெருக்கோடியைத் தாண்டிக் காலனி வரை ஏன் செல்லவில்லை என்பதே எனக்கு அவசரமான கேள்வியாகப் படுகிறது.

வெளியிடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். மாரண்டஅள்ளியைச் சுற்றி அள்ளி, பட்டி, ஊர் என முடியும் பெயர்களை, வயதானவர்கள் அவற்றை வாயால் எப்படிச் சொல்கிறார்கள் என்ற குறிப்போடு தொகுத்து அனுப்புங்கள். காலனிகளின் பெயர்களையும் விட்டுவிடாதீர்கள். நான்கு பக்கம் ஒதுக்குகிறோம்.