பழைய ரோலர் கோஸ்டர்களைப் பழுதுபார்த்து ஓட்டுவது நல்லதா, இடித்துவிட்டுப் புதிதாகக் கட்டுவது நல்லதா?

மரக் கோஸ்டர் என்றால், முடிந்தவரை இடிக்கக் கூடாது என்பதுதான் என் பதில்.

வேலை நிமித்தம் சில வருடங்கள் அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், சின்சினாட்டி பக்கம் இருந்தோம். அங்கே கிங்ஸ் ஐலண்ட் பூங்காவில் 'தி பீஸ்ட்' இருக்கிறது. 1979-இல் திறந்தது, 7,300 அடிக்கு மேல். உலகின் மிக நீளமான மரக் கோஸ்டர் இன்றைக்கும் அதுதான். அதில் ராத்திரி ஏற வேண்டும். இரண்டாவது ஏற்றத்தில் சங்கிலி கடகடவென்று மெதுவாக இழுத்துக்கொண்டு போகும். சுற்றிலும் காடு, கும்மிருட்டு. உச்சியில் சங்கிலிச் சத்தம் நின்றதும் என் மகள் பேச்சை நிறுத்திவிட்டு என் முழங்கையைப் பிடித்துக்கொள்வாள். எவ்வளவு செலவழித்தாலும் இதைப் புதிதாக வாங்கிவிட முடியுமா?

மரக் கோஸ்டரின் தண்டவாளம் என்பது பலகைகளை அடுக்கி, மேலே இரும்புப் பட்டை பதித்தது. வெயில், மழை, பனி, ரயிலின் எடை எல்லாம் சேர்ந்து பலகை தளர்ந்துவிடும். முதுகை உலுக்கும் அந்த ஆட்டம் பெரும்பாலும் இதனால்தான். ஆனால் தளர்ந்த பகுதியை மட்டும் பிரித்து மாற்றலாம். 2022 சீசனுக்கு முன் பீஸ்ட்டில் 2,000 அடிக்கும் மேல் அப்படி மாற்றினார்கள். முதல் சரிவையும் 45 டிகிரியிலிருந்து 53 டிகிரியாக்கினார்கள். காடும் இருட்டும் அப்படியேதான் இருக்கின்றன. நியூயார்க் கோனி ஐலண்டின் 'சைக்ளோன்' 1927-இலிருந்து ஓடுவதும் இப்படிப்பட்ட பராமரிப்பால்தான்.

ஒஹாயோவிலேயே இருக்கும் சீடார் பாயிண்ட் பூங்கா வேறு வழியில் போனது. 1991-இல் வந்த 'மீன் ஸ்ட்ரீக்'கின் மரச்சட்டங்களில் பெரும்பகுதியை வைத்துக்கொண்டு, மேலே எஃகுத் தண்டவாளம் போட்டு 2018-இல் 'ஸ்டீல் வெஞ்சன்ஸ்' ஆக்கினார்கள். நான்கு முறை தலைகீழாகப் புரட்டும். இது மரக் கோஸ்டரே இல்லை என்று வருத்தப்படுகிறவர்கள் உண்டு. மொத்தமாக இடிப்பதற்கு இது எவ்வளவோ மேல் என்பேன்.

அடிப்படை வடிவமைப்பே சரியில்லை என்றால் மட்டும் விட்டுவிட வேண்டும். கிங்ஸ் ஐலண்டிலேயே 2000-இல் 'சன் ஆஃப் பீஸ்ட்' வந்தது. 2006-இல் மரச்சட்டம் உடைந்து 27 பேருக்குக் காயம். தலைகீழ் வளையத்தைக் கழற்றிப் பார்த்தார்கள், இலகுவான ரயில் போட்டுப் பார்த்தார்கள். 2009-இல் மூடி, 2012-இல் இடித்தார்கள். சரியான முடிவு. உயிர் விஷயத்தில் பழம்பெருமை பார்க்கக் கூடாது.

எஃகுக் கோஸ்டரைக் காப்பாற்ற முடியாது என்று சிலர் நினைக்கிறார்கள். இங்கிலாந்தின் ஆல்டன் டவர்ஸ் பூங்காவில் 1994-இல் வந்த 'நெமிசிஸ்' 2022 நவம்பரில் மூடப்பட்டது. தண்டவாளத்தில் பெரும்பகுதியைப் புதிதாகச் செய்து, பாறைகளுக்கு நடுவே அதே வளைவுகளோடு மாட்டி, 2024 மார்ச்சில் திறந்துவிட்டார்கள்.