அப்பா வாங்கிய மனையை விற்றேன், எதற்கு வரி?

கேள்வி: அப்பா 1986-ல் 18,000 ரூபாய்க்கு வாங்கிய காலி மனை, அவர் காலமான பின் எனக்கு வந்தது. 2025 நவம்பரில் 50 லட்சத்துக்கு விற்றேன். வாங்கியவர் 50,000 ரூபாய் வரி பிடித்துக்கொண்டார். வரி அதோடு முடிந்ததா? பணத்தை எஃப்டி போட்டால் வரி இல்லையாமே?

பதில்: முடியவில்லை. அந்த 1 சதவீதம் வெறும் டிடிஎஸ், அதாவது பணம் தரும்போதே முன்கூட்டிப் பிடிக்கும் வரி. உங்கள் பான் கணக்கில் வரவாகியிருக்கும், கட்டவேண்டிய வரியில் கழித்துக்கொள்ளலாம். அதற்காக 50 லட்சத்துக்கும் வரி என்று பயப்படவும் வேண்டாம். விற்ற விலையில் அடக்கம் (சொத்தின் அடக்க விலை) போக நிற்பதுதான் மூலதன ஆதாயம். வரி அதற்கு மட்டும்.

சரி, அடக்கம் எது? பத்திரத்தில் உள்ள 18,000-ஐ மறந்துவிடுங்கள். 2001 ஏப்ரல் 1-க்கு முன் வாங்கிய சொத்து என்பதால், அன்றைய சந்தை மதிப்பையே அடக்கமாகக் காட்டலாம். ஆனால் அது அன்றைய அரசு வழிகாட்டி மதிப்பைத் தாண்டக்கூடாது. பதிவு பெற்ற மதிப்பீட்டாளரிடம் அறிக்கை வாங்கி வையுங்கள். வாரிசாக வந்ததால் அப்பா வைத்திருந்த வருஷங்களும் உங்கள் கணக்கில் சேரும். ஆகவே இது நீண்டகால ஆதாயம்.

2001 மதிப்பு 8 லட்சம் என்று வைத்துக்கொள்வோம். ஆதாயம் 42 லட்சம், புதிய முறையில் 12.5 சதவீதத்தில் வரி 5,25,000. பழைய முறையில் விலைவாசி உயர்வுக்கேற்ப அடக்கத்தை ஏற்றிக்கொள்ளலாம்; அதற்கான பணவீக்கக் குறியீடு 100-லிருந்து 376 ஆகியிருப்பதால் அடக்கம் 30,08,000 ஆகிவிடும். மீதி 19,92,000-க்கு 20 சதவீதம் போட்டால் 3,98,400தான். 12.5 என்றதும் அதுதான் லாபம் என்று பலர் ஏமாந்துபோவது இங்கேதான். 2024 ஜூலை 23-க்கு முன் வாங்கிய நிலம், கட்டடத்துக்கு எந்த வரி குறைவோ அதைக் கட்டினால் போதும். இந்தச் சலுகை இந்தியாவில் வசிப்பவர்களுக்குத்தான். செஸ் (வரியின் மேல் போடும் கூடுதல் வரி) 4 சதவீதம் தனி.



எஃப்டி போட்டால் ஒரு ரூபாய் வரிகூடக் குறையாது. யார் சொன்னார்களோ, பாவம்! வரியைத் தவிர்க்க ஆர்.இ.சி., பி.எஃப்.சி. போன்ற அரசு நிதி நிறுவனங்களின் மூலதன ஆதாயக் கடன் பத்திரங்களில், விற்ற நாளிலிருந்து 6 மாதத்துக்குள் 50 லட்சம் வரை போடலாம். நவம்பரில் விற்ற உங்களுக்கு 2026 மே மாதம் வரை நேரம். 5 வருஷம் பணத்தைத் தொட முடியாது, வட்டிக்கும் வரி உண்டு. இல்லையா, 2 வருஷத்துக்குள் வீடு வாங்குங்கள். விற்றது மனை என்பதால் ஆதாயத்தை மட்டும் போட்டால் பகுதி விலக்குதான், முழு விலக்குக்கு விற்ற தொகை முழுதும் வீட்டில் இறங்க வேண்டும். உங்களுக்கு ஏற்கெனவே எத்தனை வீடு என்று எழுதவில்லை. ஒன்றுக்கு மேல் இருந்தால் இந்த வழி அடைபட்டுவிடும்.