விஎம்-ல மட்டும் கர்னல் கடிகாரம் ஏன் பின்தங்குது?

நிஜ மெஷின்ல சரியா ஓடுற உங்க கர்னல் (ஓஎஸ்ஸோட மையப் பகுதி) கடிகாரம் விஎம்-ல (சாஃப்ட்வேரா ஓடுற மெய்நிகர் மெஷின்) மட்டும் ஏன் லேட்டாகுதுன்னு கேட்டிருக்கீங்க. டிக்கை, அதாவது டைமர் சீரா அனுப்புற இன்டரப்ட்ட (சிபியுவைக் கூப்பிடுற சிக்னல்) எண்ணி நேரம் கணக்கு பண்றீங்கல்ல, அதான் வினை. 1000 ஹெர்ட்ஸ்னா 1 மில்லிசெகண்டுக்கு ஒரு இன்டரப்ட் வரணும், ஆனா ஹோஸ்ட் (விஎம்-ஐ ஓட்டுற நிஜ மெஷின்) உங்க விசிபியுவை (விஎம்-ஓட மெய்நிகர் சிபியு) 30 மில்லிசெகண்ட் ஓரமா நிறுத்திட்டு வேற வேலைய ஓட்டிடுச்சுன்னா, அத்தனை டிக்கும் லோக்கல் ஏபிக்ல (சிபியுவோட இன்டரப்ட் கன்ட்ரோலர்) 'இன்டரப்ட் காத்திருக்கு'ன்னு மட்டும் சொல்ற ஒரே ஒரு பெண்டிங் பிட்டா சுருங்கிடும், கர்னல் முழிச்சுப் பாத்து 1 மில்லிசெகண்ட்தான் போச்சுன்னு நம்பிடும். சில ஹைப்பர்வைசர் (ஹோஸ்ட்ல விஎம்-களை ஓட்டுற சாஃப்ட்வேர்) தொலைஞ்ச டிக்கை அப்புறமா வரிசையா அனுப்பும், அத நம்பி எழுதாதீங்க, அந்த நேரத்துல கடிகாரம் கன்னாபின்னான்னு ஓடும்.

இன்டரப்ட்ட வெறும் எழுப்புற மணியா வச்சுக்கோங்க. ஹேண்ட்லருக்குள்ள (இன்டரப்ட் வந்ததும் ஓடுற கோடு) வந்ததும் கவுண்டரை (தானா ஏறிட்டே இருக்குற எண்ணிக்கை) படிச்சு, போன தடவை படிச்சதைக் கழிச்சு, மிச்சத்தை அப்படியே நேரத்துல சேருங்க. எந்தக் கவுண்டர்ங்கிறது ஹைப்பர்வைசரைப் பொறுத்தது: கேவிஎம்-னா கேவிஎம்-கிளாக், ஹைப்பர்-வி-னா அதோட ரெஃபரன்ஸ் டிஎஸ்சி (சிபியுவோட சொந்தக் கவுண்டர்) பேஜ். டிஎஸ்சி-யை மட்டும் நேரா படிச்சீங்கன்னா லைவ் மைக்ரேஷன்ல (ஓடிட்டிருக்கும்போதே விஎம்-ஐ வேற ஹோஸ்ட்டுக்கு மாத்துறது) வேற ஸ்பீடு சிபியுக்குப் போனதும் கணக்கு உதைக்கலாம்.

அடுத்த டைமரை ஒன்-ஷாட்டா (ஒரே ஒரு தடவை மட்டும் அடிக்கிற மாதிரி) வைங்க, வச்சதும் அந்த நேரம் ஏற்கெனவே தாண்டிடுச்சான்னு கவுண்டரை மறுபடி பாருங்க. எச்பெட்ல (மெஷின்ல இருக்குற ஒரு டைமர் ஹார்டுவேர்) தாண்டின நேரத்துக்கு வச்சா கவுண்டர் முழு சுத்து வர்ற வரைக்கும் இன்டரப்டே வராது, கர்னல் செத்துட்டமாதிரி கெடக்கும், நீங்க எங்கயோ டெட்லாக் (ஒண்ணுக்கொண்ணு காத்துக்கிட்டு மாட்டிக்கிறது) ஆயிடுச்சுன்னு தேடிட்டு இருப்பீங்க.